பழைய டிஜிட்டல் சிந்தசைசர் ஓசையை ராஸ்பெரி பையில் மீட்டெடுப்பது: மலையகக் கீபோர்ட் கலைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் இசைக்குழுவில் மூத்த கீபோர்ட் கலைஞர் ஒருவர் இருக்கிறார். கொட்டகலையிலிருந்து மஸ்கெலியா வரை தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடு, நத்தார் கரோல் என்று முப்பது வருடத்துக்கு மேலாக வாசித்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவரிடம் யமஹா டிஎக்ஸ்7 என்ற பழைய டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்று இருந்தது. முதலில் அதன் உள்ளே இருந்த பேட்டரி செத்து, டோன் பெயர்கள் எல்லாம் கிறுக்கல் எழுத்தாக மாறின. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் பவர் பகுதி கருகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ புதுக் கீபோர்ட்களில் வாசித்துவிட்டார். எலக்ட்ரிக் பியானோ டோனைப் போடும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

அந்த ஓசையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, விரல் அளவு ஒலி மாற்றி அட்டை ஒன்று, ஏற்கெனவே கையில் இருக்கும் கீபோர்ட்: இவை போதும். ஆனால் மென்பொருளைப் போட்டதும் வேலை முடிந்துவிடாது. முதல் முறை வாசித்துப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னது இது: "தம்பி, சத்தம் அதுதான். ஆனா தொட்டா அது இல்லை." அந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்ய எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றியது.

எந்த ஓசையைத் தேடுகிறோம்?

"பழைய டிஜிட்டல் ஓசை" என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல குடும்பங்கள் உண்டு. 1983இல் வந்த டிஎக்ஸ்7 எஃப்எம் முறையில், அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டி, ஓசை எழுப்புவது. கண்ணாடி தட்டுவது போன்ற எலக்ட்ரிக் பியானோ, மணி, அடித்து எழும்பும் பேஸ் எல்லாம் அதன் சொத்து. 1984இல் வந்த கேசியோ சிஸெட்-101 ஃபேஸ் டிஸ்டார்ஷன் என்ற வேறொரு வழியில் போனது. 1987இல் வந்த ரோலண்ட் டி-50, ஓசையின் தொடக்கத்துக்கு மட்டும் பதிவு செய்த சிறு துண்டை வைத்து, மீதியைச் சிந்தசைசரால் நிரப்பியது. 1988இன் கோர்க் எம்1 கிட்டத்தட்ட முழுக்கவே பதிவு செய்த ஒலிகளை நம்பியது. 80களின் கடைசியிலும் 90களிலும் வந்த தமிழ், சிங்களப் பாடல்களைக் காது கொடுத்துக் கேட்டால் இவற்றின் சாயல் ஏதாவது ஒன்று எங்கேயாவது தட்டுப்படும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்க முயல வேண்டாம். எஃப்எம்மில் தொடங்குங்கள். இலவச மென்பொருள் நன்றாக வளர்ந்திருப்பது அங்கேதான், மேடையில் அதிகம் தேவைப்படுவதும் அதுதான். இங்கே நான் முழுதாகச் சொல்லப்போவது டிஎக்ஸ்7 வழியை.

எஃப்எம் என்ன செய்கிறது?

1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு ஓசையின் சுருதியை மெல்ல ஆட்டினால் அதிர்வு, அதாவது விப்ராட்டோ, கேட்கும். அந்த ஆட்டத்தை வேகப்படுத்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஆட்டம் கேட்பது நின்று ஓசையின் நிறமே மாறிவிடும். யமஹா அதற்கான உரிமையைப் பெற்று, வருடக்கணக்காக உழைத்து, கடைசியில் டிஎக்ஸ்7ஐக் கொண்டுவந்தது.

கணக்கு எளிது. மூன்றாம் ஆக்டேவின் ஏ கட்டையை எடுத்துக்கொள்வோம், 220 ஹெர்ட்ஸ். அதை வாசிக்கும் சைன் அலைக்குக் கேரியர் என்று பெயர். அதை ஆட்டும் இன்னொரு சைன் அலை மாடுலேட்டர். மாடுலேட்டரின் விகிதம் 14 என்று வைத்தால் அது 3080 ஹெர்ட்ஸில் ஓடும். அப்போது 220க்கு இருபுறமும் 3080 தள்ளி புதுச் சுரங்கள் முளைக்கும்: மேலே 3300, கீழே கழித்தல் கணக்கில் 2860. அவைதான் அந்த "டிங்". விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஓசை இசைவாக இருக்கும். 1.40, 3.50 போல இடைப்பட்டு நின்றால் உலோகமும் மணியுமாக ஒலிக்கும்.

டிஎக்ஸ்7இல் கேரியராகவோ மாடுலேட்டராகவோ நிற்கக்கூடிய இப்படிப்பட்ட சைன் அலைகள் குரல் ஒன்றுக்கு 6 உண்டு, அவற்றுக்கு ஆபரேட்டர் என்று பெயர். எது எதை ஆட்டுவது என்பதற்கு 32 வரைபடங்கள். அவற்றை அல்காரிதம் என்பார்கள். ஒரே நேரத்தில் 16 குரல்கள் ஒலிக்கும். 16 பெருக்கல் 6, ஆக 96 சைன் அலைகளை 1983இன் சிப்பில் ஓட்ட வேண்டும். அதற்காகப் பெருக்கல் கணக்கையே தவிர்த்தார்கள். சைன் மதிப்புகளின் மடக்கையை முன்கூட்டியே அட்டவணையாகச் சிப்பில் எழுதி வைத்து, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினார்கள். அந்த அட்டவணையின் துல்லியம் குறைவு. கடைசியில் ஒலியாக மாற்றிய பகுதியும் 12 பிட்தான். அதனால் ஓசை தேய்ந்து மறையும்போது ஒரு மெல்லிய மணல் சத்தம் கூடவே வரும். அந்த மணல் நமக்கு வேண்டும், அதைப் பின்னால் பார்ப்போம்.

சாமான்கள்

ராஸ்பெரி பை 3 அல்லது 4 எடுங்கள். நான் பாவிப்பது 3. அதில் எட்டு டோன் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, அதாவது எட்டு டிஎக்ஸ்7. 80களின் நடுவில் யமஹா எட்டு டிஎக்ஸ்7க்குச் சமமானதை ஒரே பெட்டியில் அடுக்கி, ஆங்கிலத்தில் TX816 என்ற பெயரில் விற்றது. பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த அந்தப் பெட்டியின் வேலையை இந்தச் சின்ன அட்டை செய்கிறது.

அப்புறம், பிசிஎம்5102ஏ என்ற சிப் உள்ள ஒலி மாற்றி அட்டை. பை 3, 4 இரண்டிலும் ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, ஆனால் அதில் வரும் இரைச்சல் மேடைக்கு ஒத்துவராது. சோதித்துப் பார்க்க மட்டும் அது போதும். 128க்கு 64 புள்ளி அளவுள்ள சின்ன ஓலெட் திரை ஒன்று, அழுத்தவும் சுழற்றவும் கூடிய என்கோடர் குமிழ் ஒன்று, ஒரு எஸ்டி கார்ட். பை 3க்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர், பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர். ஃபோன் சார்ஜரை மாட்டிவிட்டு ஓசை விக்குகிறது என்று குழம்ப வேண்டாம். பை 3இல் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் வோல்ட் போதவில்லை என்று பொருள்.

கீபோர்ட் எதுவாக இருந்தாலும் சரி, தொடும் வேகத்தை உணர வேண்டும். யுஎஸ்பி துளை இருந்தால் நேராகப் பையில் செருகலாம். மிடி என்பது வாசிப்பைக் கட்டளைகளாக ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறை. ஐந்து முள் மிடி துளை மட்டும் உள்ள பழைய யமஹா பிஎஸ்ஆர் கீபோர்ட் என்றால் மிடி-யுஎஸ்பி கேபிள் ஒன்று வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இவை எல்லாம் ஒரே கடையில் கிடைப்பது அரிது. கொழும்புக்குப் போகிறவர் யாரிடமாவது பட்டியலைக் கொடுத்து, புறக்கோட்டைப் பக்கம் பார்க்கச் சொல்லலாம்.

மென்பொருளை ஏற்றுதல்

நாம் போடப்போவது மினிடெக்ஸெட். லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பையின் மேல் ஓடும் இலவச மென்பொருள் இது. போட்ட சில விநாடிகளில் வாசிக்கத் தயாராகிவிடும். டோனைச் சேமிக்கும் நேரம் தவிர கார்டில் எதையும் எழுதிக்கொண்டிருக்காது என்பதால், திடீரென்று கரண்ட் போனாலும் கார்ட் கெடுவது அபூர்வம். நம் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. திருவிழா மேடையில் கணினி திரும்பவும் எழுந்து வரும்வரை தவித்து நின்றவருக்கு இது புரியும்.

எஸ்டி கார்டை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். மினிடெக்ஸெட்டின் வெளியீட்டுக் கோப்பைத் தரவிறக்கி, ஸிப்பை விரித்து, உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே கார்டின் மேல்மட்டத்தில் போடுங்கள். ஒரு கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறையாகப் போட்டுவிட்டால் பை எழும்பாது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கார்டில் மினிடெக்ஸெட் என்ற பெயரில் ஐஎன்ஐ என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். சாதாரண நோட்பேடில் திறக்கலாம். அதில் சவுண்ட் டிவைஸ் என்ற வரியில் பிடபிள்யூஎம் என்று இருந்தால் ஓசை ஹெட்ஃபோன் துளையில் வரும். முதல் சோதனைக்கு அப்படியே விடுங்கள். கார்டைச் செருகி, கீபோர்டை மாட்டி, ஒரு கட்டையை அழுத்துங்கள். ஓசை வந்தால் பை சரி, கீபோர்ட் சரி, கார்ட் சரி. அதற்குப் பிறகுதான் சோல்டர் அயனைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒலி மாற்றி அட்டையை இணைத்தல்

பையின் 40 முள் வரிசையில் நமக்கு வேண்டியவை ஐந்து. இரண்டாவது முள் 5 வோல்ட், அது அட்டையின் விஐஎன். ஆறாவது முள் தரை, ஜிஎன்டி. 12ஆவது முள் பிசிகேக்கு. 35ஆவது முள் எல்ஆர்சிகேக்கு, சில அட்டைகளில் எல்சிகே என்று சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். 40ஆவது முள் டிஐஎன்னுக்கு. வயர்களைக் குட்டையாக வெட்டுங்கள், பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

இணைத்த பிறகு ஐஎன்ஐ கோப்பில் சவுண்ட் டிவைஸ் வரியை ஐ2எஸ் என்று மாற்றிச் சேமியுங்கள்.

இந்த இடத்தில் நான் இரண்டு சாயங்காலங்களைப் பறிகொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நான்கு ஜோடிச் சின்னச் செம்புத் திட்டுகள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு, நடுவில் மயிரிழை இடைவெளி. பக்கத்தில் எச், எல் என்ற எழுத்துகள். அவற்றை ஈயத்தால் பாலம் போட்டு இணைத்தால்தான் அட்டைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என் அட்டையில் ஒன்றுகூட இணைக்கப்படவில்லை. ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை எல் பக்கம், மூன்றாவது எச் பக்கம். மூன்றாவதுதான் எக்ஸ்எஸ்எம்டி. அது எச்சில் இல்லாவிட்டால் அட்டை வாயை மூடிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தில் எஸ்சிகே என்ற இடத்தையும் தரையோடு இணைக்க வேண்டும். சில அட்டைகளில் இவை இணைத்தே வரும், ஆகவே வாங்கியதும் முதலில் திருப்பிப் பாருங்கள்.

ஓலெட் திரைக்கு நான்கு வயர்: முதல் முள் 3.3 வோல்ட், மூன்றாவது முள் எஸ்டிஏ, ஐந்தாவது முள் எஸ்சிஎல், ஒன்பதாவது முள் தரை. ஐஎன்ஐ கோப்பில் எஸ்எஸ்டி1306 முகவரி வரியில் பெரும்பாலான திரைகளுக்கு 0எக்ஸ்3சி. உயரத்தை 64 என்று மாற்ற மறக்காதீர்கள். என்கோடர் குமிழுக்கான முள் எண்கள் அதே கோப்பில் இருக்கின்றன, அதைப் பார்த்தே இணைக்கலாம்.

டோன்களை உள்ளே கொண்டுவருதல்

டிஎக்ஸ்7 டோன்கள் சிஸ்எக்ஸ் கோப்புகளாக உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ஒரு கோப்பில் 32 டோன்கள். சரியான கோப்பு 4104 பைட் இருக்கும்: டோன் ஒன்றுக்கு 128 பைட் வீதம் 4096, அதோடு தலையும் வாலுமாக 8. தரவிறக்கிய கோப்பின் அளவு வேறாக இருந்தால், பாதியில் அறுந்தது அல்லது வேறு கருவிக்கானது என்று சந்தேகப்படுங்கள்.

கார்டில் சிஸ்எக்ஸ் கோப்புறைக்குள் வொய்ஸ் என்ற கோப்புறை இருக்கும். கோப்பின் பெயருக்கு முன்னால் ஆறு இலக்க எண்ணும் அடிக்கோடும் வேண்டும், முதல் கோப்புக்கு 000001 என்று. எண் இல்லாவிட்டால் மினிடெக்ஸெட் அதைக் கண்டுகொள்ளாது.

எலக்ட்ரிக் பியானோவை வெறுமையிலிருந்து கட்டுவது

தயார் டோன்களையே நம்பியிருக்க வேண்டாம். ஒரு டோனையாவது உங்கள் கையால் கட்டிப் பாருங்கள், அப்போதுதான் மற்றவற்றைத் திருத்தத் துணிவு வரும். பையிலேயே திருத்தலாம், ஆனால் குமிழைத் திருகித் திருகிக் கை ஓய்ந்துவிடும். கணினியில் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில் கட்டி, 32 டோன் கோப்பாகச் சேமித்துக் கார்டுக்கு மாற்றுவது சுலபம்.

இனிட் என்ற பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் வெறுமையாக்குங்கள். அல்காரிதத்தை 5 ஆக்குங்கள். இதில் ஆபரேட்டர்கள் மூன்று ஜோடிகளாக நிற்கும்: 2 ஒன்றை ஆட்டும், 4 மூன்றை ஆட்டும், 6 ஐந்தை ஆட்டும்.

ஆபரேட்டர் 1இல் விகிதம் 1.00, அளவு 99. என்வலப்பின், அதாவது ஓசை எழுந்து தேயும் வடிவத்தின், வேகங்கள் 96, 25, 25, 67. மட்டங்கள் 99, 75, 0, 0. ஒரு கட்டையைத் தொடுங்கள். சுத்தமான, நிறமில்லாத ஓசை ஒன்று எழுந்து மெல்லத் தேயும். ஊதல் போல இருக்கும், பியானோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

இப்போது ஆபரேட்டர் 2இன் விகிதத்தை 14.00 ஆக வையுங்கள். வேகங்கள் 95, 50, 35, 78, மட்டங்கள் அதே 99, 75, 0, 0. அளவைச் சுழியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே அதே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். 30 வரைக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 45இல் தொடக்கத்தில் ஒரு மினுக்கம். 58இல் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் கரண்டி பட்டது போல "டிங்" என்று நிற்கும். 70க்குப் போனால் தகரம். மேல் பகுதியில் ஏறக்குறைய எட்டுப் படிக்கு ஒரு முறை ஆட்டத்தின் வலு இரட்டிப்பாகிறது, அதனால்தான் இவ்வளவு சின்ன இடைவெளியில் இவ்வளவு மாற்றம். 58இல் நிறுத்துங்கள். நான் இதை முதல் முறை கேட்டபோது ராத்திரி பத்து மணி, வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்திருந்தது. சின்ன வயதில் கோயில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்ட ஓசை என் மேசையிலிருந்து வந்தது. அந்தக் கட்டையை எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது.

மீதி இரண்டு ஜோடிகள் உடம்பு கொடுப்பதற்கு. 3, 4, 5, 6 நான்கிலும் விகிதம் 1.00. மூன்றுக்கும் ஐந்துக்கும் அளவு 99, நான்குக்கு 89, ஆறுக்கு 79. வேகங்கள் கேரியர்களுக்கு 95, 20, 20, 50. மாடுலேட்டர்களுக்கு 95, 29, 20, 50. மட்டங்கள் நான்கிலும் 99, 95, 0, 0. ஃபீட்பேக், அதாவது ஆபரேட்டர் 6 தன்னையே ஆட்டும் அளவு, 6. ஐந்தின் டீட்யூனை, அதாவது சுருதியின் சின்ன விலகலை, மைனஸ் 7, ஆறின் டீட்யூனை பிளஸ் 7 ஆக்குங்கள். அந்தச் சின்ன முரண்தான் ஓசையை மூச்சுவிட வைக்கிறது.

கடைசியாகத் தொடும் வேகத்துக்கான உணர்திறன்: ஆபரேட்டர் 2க்கு 7, நான்குக்கும் ஆறுக்கும் 6, ஒன்றுக்கும் மூன்றுக்கும் 2, ஐந்துக்கு 0. மாடுலேட்டர்களுக்கு அதிகமும் கேரியர்களுக்குக் குறைவும் ஏன்? மெதுவாகத் தொட்டால் ஓசை குறைவது மட்டும் போதாது, நிறமும் மங்க வேண்டும். ஓங்கித் தட்டினால்தான் "டிங்" வெளியே வர வேண்டும்.

"தொட்டா அது இல்லை"

இதோ அண்ணன் சொன்ன இடம். மூன்று விஷயங்களைச் சரிசெய்தேன்.

முதலாவதும் பெரியதும், வெலாசிட்டி, அதாவது கட்டையைத் தொடும் வேகத்துக்குக் கீபோர்ட் அனுப்பும் எண். அந்தக் காலத்து டிஎக்ஸ்7இன் கட்டைகள் மிடியின் உச்சமான 127ஐ எட்டுவதில்லை. எவ்வளவு ஓங்கி வாசித்தாலும் 100ஐச் சுற்றியே நிற்கும். டோன்களைச் செய்தவர்கள் அந்தக் கட்டைகளில் வாசித்துத்தான் அளவுகளை முடிவு செய்தார்கள். இன்றைய கீபோர்ட் சாதாரணமாகத் தட்டினாலே 110, 120 என்று அனுப்பும். அதனால் எல்லா டோனும் ஓங்கித் தட்டிய டோனாகவே கேட்கிறது. உங்கள் கீபோர்டின் டச் செட்டிங்கைக் கனமான பக்கத்துக்கு மாற்றுங்கள், ஹார்ட் அல்லது ஹெவி என்று இருக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் டோனிலேயே மாடுலேட்டர்களின் அளவை நான்கைந்து படி இறக்குங்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். கீபோர்டில் மாற்றுவதே மேல், ஏனென்றால் எல்லா டோன்களும் ஒரே தடவையில் சரியாகிவிடும்.

இரண்டாவது, கணக்கின் கரடுமுரடு. மினிடெக்ஸெட்டின் ஐஎன்ஐ கோப்பில் என்ஜின் டைப் என்ற வரி இருக்கிறது. 1 என்றால் இன்றைய துல்லியம். 2 என்றால் மார்க் ஒன், பழைய சிப்பின் குறைந்த துல்லியத்தைப் பின்பற்றுவது. 2 ஆக்குங்கள். ஹெட்ஃபோனில் ஒரு தாழ்ந்த கட்டையை நீளமாகப் பிடித்து, ஓசை கரைந்துபோகும் கடைசி விநாடியைக் கேளுங்கள். நான் முன்னால் சொன்ன மணல் அங்கே இருக்கும். பாட்டுக்கு நடுவில் அது தனியாகத் தெரியாது, ஆனால் டோனின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாகி, மற்ற வாத்தியங்களுக்கு நடுவில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, கருவிக்கு வெளியே நடப்பது. டிஎக்ஸ்7இன் வெளியீடு ஒற்றை மோனோ, உள்ளே ரிவெர்ப்பும் கோரஸும் கிடையாது. கேசட்டிலும் வானொலியிலும் நாம் கேட்ட அகலமான ஓசை, ஸ்டூடியோவில் கோரஸும் ரிவெர்ப்பும் சேர்த்தது. ஆகவே அதே டோனை முதல் டோன் இயந்திரத்திலும் இரண்டாவதிலும் ஏற்றி, இரண்டுக்கும் ஒரே மிடி சானல் கொடுங்கள். ஒன்றின் டீட்யூன் பிளஸ் 4, மற்றதில் மைனஸ் 4. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் பாதி தூரம் நகர்த்துங்கள். ரிவெர்ப்பைக் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் சத்தத்தை வெட்டும் கட்ஆஃபை 99இலிருந்து பத்துப் படி இறக்கினால் பல்லைக் கூசவைக்கும் மேல் சத்தம் அடங்கும். புனல் ஸ்பீக்கர் கட்டும் தோட்டத்துத் திருவிழாவில் இன்னும் இறக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் புனல் கீழ்ச் சத்தத்தை விழுங்கிவிட்டு மேல் நடுப்பகுதியை மட்டும் ஊதித் தள்ளும்.

இதெல்லாம் செய்த பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் பத்து நிமிடம் வாசித்தார். அப்புறம், "இப்ப கை தெரியுது தம்பி" என்றார்.

கோயில் மணி

இதையும் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அதே அல்காரிதம் 5. ஆபரேட்டர் 1 விகிதம் 1.00. ஆபரேட்டர் 2இல் விகிதத்தின் முழு எண்ணான கோர்ஸ் 2, நுண்பகுதியான ஃபைன் 75, அதாவது 2 பெருக்கல் 1.75, ஆக 3.50. அளவு 75. இரண்டுக்கும் முதல் வேகம் 99, அதன்பின் எல்லாம் 25க்குக் கீழே. ஆபரேட்டர் 3 விகிதம் 1.00, நான்கில் கோர்ஸ் 1, ஃபைன் 40, அதாவது 1.40. இரண்டு ஜோடிகளும் வெவ்வேறு வேகத்தில் தேய வேண்டும், அப்போதுதான் வெண்கல மணி போல முதலில் கூரிய சத்தமும் பின்னால் நீண்ட முனகலும் வரும். நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மணியின் சுருதியை வாசிப்பவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

மற்றக் குடும்பங்கள்

டி-50 போன்ற ஓசைக்கு, நீண்டு ஒலிக்கும் எஃப்எம் பேட் டோன் ஒன்றின் மேல் அடி மட்டும் உள்ள குட்டையான இன்னொரு டோனை அடுக்கிப் பாருங்கள். அச்சு அசலாக வராது, ஆனால் மேடையில் வேலை செய்கிறது. ரோலண்டின் எம்டி-32 என்ற பழைய ஒலிப்பெட்டியைப் பையில் ஓட்டும் மென்பொருளும் உண்டு. அதற்கு அசல் கருவியின் ரோம், அதாவது அதன் உள்நினைவகத்தின் பிரதி, வேண்டும், அதன் பதிப்புரிமை ரோலண்டுடையது. கையில் காசு இருந்து, சோல்டர் வேலை வேண்டாம் என்றால் கோர்க் வோல்கா எஃப்எம் என்ற சின்னச் சிந்தசைசர் பழைய சிஸ்எக்ஸ் டோன்களை ஏற்றுக்கொள்ளும். முதல் பதிப்பில் மூன்று குரல்தான், இரண்டாவதில் ஆறு. இரண்டு கையாலும் கோர்ட் பிடிப்பவருக்கு மூன்று குரல் காணாது.

தாள ஓசையில், ஒலியைப் பதிந்து வாசிக்கும் பழைய சாம்ப்ளர்களின் தன்மை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. 1987இன் ஈ-மு எஸ்பி-1200 ஒலியை 12 பிட்டில், விநாடிக்கு ஏறத்தாழ 26,000 தடவை மட்டும் அளந்தது. காமன் கூத்தில் அடிக்கும் தப்பை நன்றாகப் பதிவு செய்து, அதே அளவுக்கு இறக்கிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிப் பதிந்து, வாசிக்கும்போது இறக்கினால் இன்னும் கரடாகும். தப்பின் தோல் சத்தம் தடித்து, அடி ஒவ்வொன்றும் மரத்தில் வெட்டியது போல விழுகிறது.

அலமாரியில் அசல் கருவி இருந்தால்

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஜப்பானிலிருந்து நேராக வந்த கருவி 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் அதோடு முடிந்தது. பின்பக்கத் தகட்டைப் படித்துப் பார்த்த பிறகே பிளக்கைத் தொடுங்கள். கரண்ட் சரியென்றால் முதல் வேலை டோன்களைக் கணினிக்கு மிடி வழியாக எடுத்து வைப்பது. அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது சோல்டர் செய்யப்பட்டிருக்கும், அந்த இடத்தில் ஒரு பேட்டரி கூடு வைத்துவிட்டால் அடுத்த முறை கழற்றி மாட்டலாம். டோன்களைத் திருப்பி ஏற்ற, மெமரி புரொடெக்டை அணைத்து, ஃபங்ஷன் 8இல் சிஸ் இன்ஃபோ அவெயில் என்று திரையில் வரச் செய்ய வேண்டும். மலிவான மிடி கேபிள்கள் சில நீளமான சிஸ்எக்ஸை முழுதாகக் கடத்துவதில்லை, பாதியில் நின்றால் கருவியைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மழை, இடி, கரண்ட்

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழை. பையையும் அட்டையையும் இறுக்கமான மூடி உள்ள சாப்பாட்டுப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். குளிரான இடத்திலிருந்து சூடான மண்டபத்துக்குக் கொண்டுபோனால் உடனே போட வேண்டாம், கால் மணி நேரம் திறந்து வைத்து, வியர்த்த ஈரம் காயட்டும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நான் மேடையில் பையைப் பவர் பேங்கில்தான் ஓட்டுகிறேன். கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியாது, மடிக்கணினி சார்ஜர்கள் கொண்டுவரும் ரீங்காரமும் வராது.

எல்லாம் அமைந்ததும் பர்ஃபார்மன்ஸ் என்ற பட்டியலில் உங்கள் அமைப்பைச் சேமியுங்கள். எந்தப் பாட்டுக்கு எந்த டோன், எந்த இயந்திரம் எந்த சானல் என்பதெல்லாம் அதில் அடங்கும். அப்புறம் கார்டைக் கணினியில் போட்டு, அதில் உள்ளவற்றை அப்படியே இன்னொரு கார்டுக்குப் பிரதி எடுத்து, அந்தக் கார்டைப் பையில் போட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எங்கள் இரண்டாவது கார்ட் அண்ணனின் சட்டைப்பையில் இருக்கும்.